400 டிகிரி தாங்கும் பாலிமரும் 150 டிகிரியில் பேச்சை நிறுத்தும் உணரியும்

வாயு உணரிகளில் பயன்படும் மின்கடத்தும் பாலிமரான பாலியனிலினின் தூளைச் சில மில்லிகிராம் எடுத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் சீராகச் சூடேற்றிக்கொண்டே அதன் எடையைப் பதிவு செய்தால், கிடைக்கும் வளைகோடு மூன்று படிகளாக இறங்குவதைக் காணலாம். முதல் படி 100 டிகிரி செல்சியஸை ஒட்டி வருகிறது. தூளில் தங்கியிருந்த ஈரம் அப்போது வெளியேறுகிறது. இரண்டாவது படி ஏறத்தாழ 150 டிகிரியில் தொடங்கி 300 வரை இழுத்துக்கொண்டு போகும். பாலிமரை மின்கடத்தியாக்கச் சேர்த்திருந்த அமிலம் கழன்று போகும் கட்டம் அது. மூன்றாவது படியில், 400 டிகிரிக்கு மேல், பாலிமர்ச் சங்கிலியே அறுபடத் தொடங்குகிறது. மாசு வாயுக்களைக் கண்டறியும் பாலிமர் உணரிகளைப் பற்றி ‘வெப்பம் தாங்குபவை’ என்று எழுதப்படும் இடங்களில் பெரும்பாலும் எடுத்துக் காட்டப்படுவது இந்த மூன்றாவது படியின் எண்தான். அந்த எண்ணில் பொய் ஏதும் இல்லை. ஆனால் உணரி வேலை செய்வதை நிறுத்துவது இரண்டாவது படியில். எலும்புக்கூடு நிற்கிறது என்பதற்காக ஆள் உயிரோடிருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

இந்தத் துறையின் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவரும் எனக்கு, இந்த இரு வெப்பநிலைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளிதான் உண்மையான பொருளாகத் தோன்றுகிறது. ஒரு பாலிமர் எந்தச் சூட்டில் அழிகிறது என்பது ஒரு கேள்வி. எந்தச் சூட்டில் அது வாயுவைப் பற்றி எதையும் சொல்ல முடியாமல் போகிறது என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு விடை தேடினால், பாலிமர் எந்த இடத்தில் உணரியாக இருக்க வேண்டும், எந்த இடத்தில் வெறும் தாங்குதளமாகவோ சவ்வாகவோ ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் ஓரளவு தெளிவாகிவிடும்.

பாலியனிலின் அமோனியாவை உணரும் விதத்தை அருகிலிருந்து பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். விரல்களைக் கோத்தது போன்ற தங்க மின்வாய்களின் மேல் மெல்லிய படலமாகப் பூசப்பட்ட பாலியனிலின், அமிலம் சேர்ந்த நிலையில் கரும்பச்சையாக இருக்கும். அமோனியா நீர்க்கரைசல் உள்ள புட்டியின் வாயருகே அதைக் கொண்டுபோனால், பச்சை மெல்ல நீலமாகத் திரும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மின்தடைமானியின் எண்ணோ அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருக்கும். அமோனியா மூலக்கூறு பாலிமர்ச் சங்கிலியில் அமர்ந்திருக்கும் ஒரு புரோட்டானைப் பிடுங்கி அமோனியம் அயனியாகிறது. புரோட்டானை இழந்த சங்கிலியில் மின்னூட்டம் நகர வழி குறைகிறது, மின்தடை உயர்கிறது. அமிலம் முழுதாகச் சேர்ந்த வடிவத்துக்கும் அமிலமே இல்லாத வடிவத்துக்கும் இடையே மின்கடத்துதிறன் கோடிக்கணக்கான மடங்கு வேறுபடுவதால்தான் காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் அமோனியாவும் கருவியில் தெரிகிறது. புட்டியை அகற்றிச் சுத்தமான காற்றில் வைத்தால் அமோனியா மெல்ல விலகும், படலம் பச்சைக்குத் திரும்பும்.

இப்போது அதே படலத்தைச் சூடேற்றுவோம். சேர்த்திருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால், அது எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறு என்பதால் சூட்டில் மெல்லப் பறந்துவிடும். படலம் அமோனியாவைச் சந்திக்காமலேயே நீலத்தை நோக்கிப் போகும், மின்தடை உயரும். கருவியைப் பார்ப்பவருக்கு அது அமோனியாவா, அமில இழப்பா என்று பிரித்தறிய வழி இல்லை. இந்தக் குழப்பத்தை நான் மிகக் கடுமையான குறையாகக் கருதுகிறேன். வேலை செய்யாத உணரியாவது தன் குறையைக் காட்டிக்கொடுக்கும்; மாசு இல்லாதபோது மாசு இருப்பதாகச் சொல்லும் உணரி நம்மை ஏமாற்றும்.

இதற்கு வேதியியலார் கண்ட தீர்வு நேர்த்தியானது. ஆவியாகாத அமிலத்தைச் சேர்ப்பதே அது. டோடெசைல்பென்சீன் சல்போனிக் அமிலம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்தால் அவை எளிதில் கழலா. இன்னும் ஒரு படி மேலே போய், அமிலத்தையே ஒரு பாலிமராக, அதாவது பாலிஸ்டைரீன் சல்போனிக் அமிலமாக, வைத்துவிட்டால் அது ஓட இடமே இல்லை. இரண்டு சங்கிலிகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். விலையும் இல்லாமலில்லை. பருமனான அமிலம் மின்கடத்தும் சங்கிலிகளை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளி வைக்கிறது. சல்போனிக் தொகுதிகள் ஈரத்தை ஆசையோடு இழுக்கின்றன. வெப்பத்தை வென்றால் ஈரம் வந்து நிற்கிறது. அதோடு, அமிலம் நிலைத்து நின்றாலும், 200 டிகிரியை நெருங்கும்போது பாலியனிலின் சங்கிலிகளே பக்கவாட்டில் குறுக்கிணைந்து இறுகத் தொடங்குகின்றன. இறுகிய படலம் சூட்டை இன்னும் நன்றாகவே தாங்கும், ஆனால் அதன் கடத்துதிறன் திரும்ப வராது.

அமிலத்தைக் கட்டிப்போட்டாலும் தீராத தடை ஒன்று உண்டு. அது பாலிமரின் குறையே அல்ல, வெப்ப இயக்கவியலின் விதி. வாயு மூலக்கூறு ஒரு பரப்பில் ஒட்டும்போது வெப்பம் வெளிப்படுகிறது. ஆகவே வெப்பநிலை ஏற ஏற, சமநிலை ஒட்டாத பக்கம் சாயும். ஒட்டும்போது மோலுக்கு 40 கிலோஜூல் வெளிப்படும் ஒரு வாயுவை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 25 டிகிரியிலிருந்து 150 டிகிரிக்குப் போகும்போது அதன் ஒட்டும் திறனைக் குறிக்கும் சமநிலை மாறிலி நூறு மடங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. படலம் கருகவில்லை, அமிலம் ஓடவில்லை, எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. ஆனாலும் வாயு வந்து உட்காருவதில்லை. வெப்பம் தாங்கும் உணரியைப் பற்றிய பேச்சில் இந்தக் கணக்கு அரிதாகவே இடம்பெறுவது எனக்கு வியப்பளிக்கிறது.

இதே கணக்குக்கு மறுபக்கமும் உண்டு, அது நமக்குச் சாதகமானது. ஒட்டிய மூலக்கூறு விலக வேண்டிய ஆற்றல் தடை மோலுக்கு 80 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரியில் ஒரு மணி நேரம் பிடிக்கும் வெளியேற்றம் 100 டிகிரியில் ஐந்தாறு விநாடிகளில் முடிந்துவிடும். சாதாரண வெப்பநிலையில் பாலிமர் உணரிகளின் மீது சொல்லப்படும் முதல் புகார், நைட்ரஜன் டை ஆக்சைடைப் பிடித்தபின் எளிதில் விடுவதில்லை என்பதாகும். அளவை குளிரில் நடக்கட்டும். அளந்து முடிந்ததும் அடியிலுள்ள நுண்சூடேற்றி படலத்தைச் சில விநாடிகள் 100 டிகிரிக்கு உயர்த்தி மீண்டும் தணிக்கட்டும். படலம் அடுத்த அளவைக்கு ஆயத்தமாகிவிடும். இப்படிப் பார்த்தால், தெருவோரக் கம்பத்தில் பொருத்தப்படும் காற்றுத் தர உணரிக்கும் வெப்பம் தாங்கும் பாலிமர் தேவைப்படுகிறது. அங்கே வெப்பம் சூழலிலிருந்து வருவதில்லை, நாமே கொடுப்பது.

சூடான இடங்களில் அளக்க ஏற்கெனவே வேறு பொருட்கள் இருக்கும்போது பாலிமர் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. 1962-இல் ஜப்பானில் செய்யமா குழுவினர் துத்தநாக ஆக்சைடு படலம் சூடான நிலையில் வாயுக்களைக் கண்டறிவதைக் காட்டினர். அதே காலத்தில் தகுச்சி வெள்ளீய ஆக்சைடு உணரிக்குக் காப்புரிமை கோரினார். இன்றும் வீட்டு எரிவாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவிகள் பலவற்றில் இருப்பது அந்த வெள்ளீய ஆக்சைடின் வழித்தோன்றல்தான். 200 முதல் 400 டிகிரி வரை சூடேறினால்தான் அது வேலையே செய்யும். அங்கே வாயு வெறுமனே ஒட்டுவதில்லை, பரப்பிலுள்ள ஆக்சிஜனோடு எரிகிறது, அதனால் சூடு அதற்கு நண்பன். கார்களின் புகைக்குழாயில் 1976 முதல் இடம்பிடித்திருக்கும் சிர்கோனியா ஆக்சிஜன் உணரி 300 டிகிரிக்கு மேல்தான் விழித்தெழும். 500 டிகிரியில் பாலிமரைக் கொண்டுபோய் இந்தப் பீங்கான்களோடு போட்டியிட வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது.

பாலிமருக்கு உரிய இடம் அதற்குக் கீழே, ஏறத்தாழ 120 முதல் 200 டிகிரி வரையிலான குறுகிய பட்டையில் இருக்கிறது. குறுகியதென்றாலும் மாசுக் கட்டுப்பாட்டில் அது மிகுந்த நடமாட்டமுள்ள இடம். நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்தில், கொதிகலனின் வெப்பத்தையெல்லாம் கறந்துகொண்டபின் காற்றுச் சூடேற்றியைத் தாண்டி வரும் புகை பெரும்பாலும் 120 முதல் 150 டிகிரி வரையில் இருக்கும். அதைக் குளிரவிட்டு அளக்கலாமே என்றால், குளிர்ந்தவுடன் நீராவி துளிகளாகப் படியும். கந்தக டை ஆக்சைடு அந்தத் துளிகளில் கரைந்துபோகும், கருவி குறைவான அளவைக் காட்டும். அதற்கும் முன்பாக, கந்தக டிரை ஆக்சைடு நீராவியோடு சேர்ந்து கந்தக அமிலமாகப் படிவது 120 முதல் 150 டிகிரிக்குள்ளேயே தொடங்கிவிடுவதுண்டு. ஆகவேதான் புகையை உறிஞ்சி எடுத்துப் பகுப்பாய்வுக் கருவிக்குக் கொண்டுபோகும் குழாய்களை வழி நெடுகச் சூடேற்றி, 180 டிகிரியை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சூடேற்றிய குழாய், வடிகட்டி, உறிஞ்சும் பம்பு, அலமாரி அளவுக் கருவி என்று நீளும் இந்த ஏற்பாட்டில் பழுது வருவது பெரும்பாலும் கருவியில் அல்ல, குழாயில். புகைபோக்கிக்குள்ளேயே, அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து அளக்கக்கூடிய சிறிய, மலிவான உணரி ஒன்று கிடைத்தால் இந்த ஏற்பாட்டில் பாதியாவது தேவையற்றுப் போகும்.

மேலே சொன்ன நூறு மடங்கு இழப்பு இங்கே அவ்வளவாக உறுத்தாததற்கும் ஒரு காரணம் உண்டு. உலக சுகாதார அமைப்பு 2021-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, வெளிக்காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடின் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 25 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. பருமன் விகிதத்தில் இது நூறு கோடியில் சுமார் 13 பங்கு. புகைபோக்கிக்குள் நைட்ரஜன் ஆக்சைடுகள் பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்கு என்ற அளவில் இருப்பது சாதாரணம். அதாவது, பத்தாயிரம் மடங்குக்கு மேல் அடர்த்தி. தெருவில் மெல்லிய கிசுகிசுப்பைக் கேட்க வேண்டிய உணரி, புகைபோக்கிக்குள் கூச்சலைக் கேட்டால் போதும். சூட்டில் கூருணர்வு மங்குவது அங்கே மன்னிக்கத்தக்கது, நிலைத்தன்மை குலைவதுதான் மன்னிக்க முடியாதது.

அந்தப் பட்டைக்கு ஏற்ற பாலிமர்கள் எவை? பட்டியல் நீளமில்லை. உருகாமல் 260 டிகிரி வரை தொடர்ந்து தாங்கும் பாலிடெட்ராபுளூரோஎத்திலீன் ஏறத்தாழ எதனோடும் வினைபுரியாது. அதனாலேயே அது உணரியாகாது, ஆனால் தூசியையும் துளிகளையும் தடுத்து வாயுவை மட்டும் உள்ளே விடும் நுண்துளைச் சவ்வாக அதை மிஞ்ச ஆளில்லை. பீக் என்று சுருக்கி அழைக்கப்படும் பாலிஈதர்ஈதர்கீட்டோன் உறைகளுக்கும் இணைப்பிகளுக்கும் நல்லது. உணரித் துறையில் அதிகம் உழைப்பது பாலிஇமைடு. பாலிஅமிக் அமிலக் கரைசலைப் பூசி 300 டிகிரிக்கு மேல் படிப்படியாகச் சூடேற்றும்போது, சங்கிலியிலிருந்து நீர் வெளியேறி வளையங்கள் மூடி, அம்பர் நிறப் படலம் உருவாகிறது. பிறக்கும்போதே அத்தனை சூட்டைக் கண்டுவிட்ட பொருள் 150 டிகிரிக்கு அஞ்சாது.

பாலிஇமைடு நேரடியாகவே உணரும் ஒரே பொருள் ஈரம் என்று சொன்னால் சற்று மிகையாக இருக்கலாம், ஆனால் அதன் புகழ் அதில்தான் இருக்கிறது. அதன் மின்காப்பு மாறிலி மூன்றரையை ஒட்டியது, நீருடையதோ 80. ஆகவே சிறிதளவு நீராவி உள்ளே நுழைந்தாலும் மின்தேக்குத்திறன் அளக்கத்தக்க அளவு மாறுகிறது. மாசு வாயுக்களைப் பொறுத்தவரை பாலிஇமைடு பெரும்பாலும் தாங்குதளமாகவே நிற்கிறது. 2014-இல் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் டூர் குழுவினர் இதில் ஒரு புதிய வாசலைத் திறந்தனர். பாலிஇமைடு தாளின் மேல் கார்பன் டை ஆக்சைடு லேசர்க் கதிரை ஓட்டினால், கதிர் பட்ட இடம் மட்டும் நுண்துளைகள் நிறைந்த கிராபீனாக மாறிவிடுகிறது. மின்வாய், சூடேற்றி, உணர்படலத்துக்கான பரப்பு ஆகிய மூன்றையும் ஒரே தாளில், வேறு உலோகம் பூசாமல் வரைந்துவிடலாம். கரிந்த கோடும் அதைத் தாங்கும் தாளும் ஒரே பொருளிலிருந்து வந்தவை என்பதால் சூட்டில் உரிந்து வருவது குறைவு. உரிதல் சிறிய விஷயமல்ல. சிலிக்கன் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 3 பங்குக்கும் குறைவாக விரியும்போது, பெரும்பாலான பாலிமர்கள் 50 பங்குக்கு மேல் விரிகின்றன. சூடும் குளிரும் மாறி மாறி வரும் இடத்தில் படலம் கருகுவதற்கு முன்பே விளிம்பில் பிளந்துவிடும்.

ஆனால் பாலிஇமைடுக்கும் ஒரு பலவீனம் உண்டு, அது புகைபோக்கிக்குள் முக்கியமானது. வளையம் மூடும்போது வெளியேறிய நீர், சூடான நீராவியாகத் திரும்பி வந்தால் அதே வளையத்தைத் திறக்கவும் முடியும். காரம் இருந்தால் இன்னும் வேகமாக. எரிப்புப் புகையில் நீராவி பத்து விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். உலர்ந்த நைட்ரஜனில் 500 டிகிரி வரை அசையாத படலம், ஈரப் புகையில் 150 டிகிரியில் நாட்பட இருந்தால் நொறுங்கத் தொடங்கலாம். எடை இழப்பு வளைகோட்டை மட்டும் காட்டும் கட்டுரைகள் மேல் எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்.

என் கணிப்பில் மிகுந்த எதிர்காலம் உள்ள பொருள் பாலிபென்சிமிடசோல். 1961-இல் வோகல், மார்வெல் ஆகிய இருவரும் வெளியிட்ட இந்தப் பாலிமர், 400 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். அதனினும் சுவையானது, அது பாஸ்பாரிக் அமிலத்தை உள்வாங்கிக்கொண்டால் புரோட்டான்களைக் கடத்தும் என்பது. மின்வேதி வாயு உணரிகளுக்கும் எரிபொருள் கலங்களுக்கும் புரோட்டான் கடத்தும் சவ்வு தேவை; வழக்கமான நாஃபியான் சவ்வோ நீர் இருந்தால்தான் கடத்தும், ஆகவே 100 டிகிரியை நெருங்கும்போதே வறண்டு நின்றுவிடும். பாஸ்பாரிக் அமிலம் நீரை நம்பியிருப்பதில்லை, எளிதில் ஆவியாவதுமில்லை. 1990-களின் நடுவில் எரிபொருள் கலங்களுக்காக முன்வைக்கப்பட்ட இந்தச் சேர்க்கை 120 முதல் 200 டிகிரி வரை இயங்குகிறது; நமக்கு வேண்டிய பட்டையும் அதேதான். இங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது. வாயு மின்வாயில் ஆக்சிசனேற்றம் அடைந்து மின்னோட்டமாக மாறுவதால், ஒட்டுதலின் அந்த நூறு மடங்குச் சாபம் இதைத் தீண்டுவது குறைவு. சூடு வினையை விரைவுபடுத்தவே செய்கிறது. பாலிமர் இங்கே வாயுவை உணரவில்லை, உணர்தல் நடக்க வழி செய்கிறது. அமிலம் மெல்லக் கசிந்து வெளியேறுவது மட்டும் இன்னும் முழுதாகத் தீராத தொல்லை.

ஆய்வகத்துக்கு வெளியே இருந்து வரும் இரண்டு தேவைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, உறுப்புகளை மின்சுற்றுப் பலகையில் சால்டரால் ஒட்டும் பற்றவைப்பு. பரவலாகப் பயன்படும் ஈயமற்ற சால்டர் 217 டிகிரியை ஒட்டி உருகுகிறது. மின்சுற்றுப் பலகைகள் செல்லும் அடுப்பின் உச்ச வெப்பநிலை 245 முதல் 260 டிகிரி வரை போகும். வாழ்நாள் முழுவதும் 30 டிகிரியில் இயங்கப்போகும் உணரியும் பலகையில் ஏறும் நாளில் ஓரிரு நிமிடம் இந்த அடுப்பைக் கடக்க வேண்டும். பாலியனிலின் போன்றவை வணிகத்தில் பரவலாகாததற்குச் சொல்லப்படும் காரணங்களில் இது ஏனோ கீழே தள்ளப்படுகிறது. படலத்தைப் பற்றவைப்புக்குப் பின் பூசலாம்தான், ஆனால் அதனால் உற்பத்தி வரிசையில் ஒரு தனிக் கட்டம் கூடுகிறது. இரண்டாவது, சிலிகோன். 200 டிகிரி வரை தாங்கும் என்பதால் உறைகளை அடைக்கச் சிலிகோன் பசையைத் தயங்காமல் பயன்படுத்துகிறார்கள். சூட்டில் அதிலிருந்து வெளிவரும் சிலாக்சேன் ஆவி, பக்கத்திலுள்ள வினையூக்கி உணரியின் மேல் சிலிகாவாகப் படிந்து அதை மெல்லச் சாகடிக்கும். அடைப்பு உறுதியாக இருக்கும், உணரிதான் இருக்காது.

ஆகவே ஒரு பாலிமர் உணரியின் வெப்பத் தாங்குதிறனைச் சோதிப்பதென்றால், அது இயங்கப்போகும் வெப்பநிலையிலேயே, நீராவியும் ஆக்சிஜனும் கலந்த ஓட்டத்தில், மின் இணைப்போடு வாரக்கணக்கில் வைத்து, வாயு இல்லாதபோது அதன் அடிக்கோடு எவ்வளவு நகர்கிறது என்பதைப் பதிவு செய்ய வேண்டும். அடிக்கோடு நகரத்தான் செய்யும். அதைச் சமாளிக்க ஒரே தளத்தில் இரட்டைப் படலங்கள் பூசி, ஒன்றைத் திறந்தும் மற்றொன்றை வாயு புகாதபடி மூடியும் வைத்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் முறை பரவலாக இருக்கிறது. சூட்டினால் வரும் மாற்றம் இரண்டிலும் ஒன்றாக நிகழ்வதால் கழிந்துவிடும் என்பது எண்ணம். ஆனால் மூடியிருக்கும் படலத்தை ஆக்சிஜனும் நீராவியும் எட்டுவதில்லை. அது தன் இரட்டையைவிட மெதுவாகவே மூப்படைகிறது. சில மாதங்களில் இரண்டும் வேறுபட்டு நிற்கும், அந்த வேறுபாட்டைக் கருவி வாயுவாக எண்ணிக்கொள்ளும். எனவே மாசற்ற காற்றை அவ்வப்போது உணரிக்குள் செலுத்திப் பூச்சியத்தையும், அளவறிந்த வாயுவைச் செலுத்தி அதன் துலங்கலையும் சரிபார்க்கும் ஒரு சிறு குழாயைப் புகைபோக்கி வரை கொண்டுபோயே ஆக வேண்டியிருக்கிறது. அந்தக் குழாயையும் சூடாகத்தான் வைத்திருக்க வேண்டும்.